அம்பது மீட்டருக்கு ஒரு கண்ணாடி

கருமம் புடிச்ச டப்பாங்க இது. பைனாகுலரான்னு கேட்டீங்களே, பைனாகுலரா இருந்திருந்தா வால்பாறைக்குப் போயி நாலு கொரங்கையாவது பாத்திருப்பேன். இது ஸ்கோப்புங்க. துப்பாக்கி மேல மாட்டறது. அட, பஸ் சீட்டுல இத்தன தள்ளி உக்காராதீங்க. துப்பாக்கி ஊட்டுல பீரோவுக்குள்ள பூட்டிக் கெடக்குது, என்ற பேருல லைசென்சும் இருக்குது. இது வெறும் கண்ணாடிக் கொழாய்ங்க. இது யாரையும் ஒண்ணும் பண்ணாது, என்னையத் தவர.

சுந்தராபுரம் வரைக்கும் போறனுங்க. அங்க ஆசீர்வாதம்னு ஒருத்தன் இருக்கறான். ஸ்டூடியோ வெச்சிருந்தான், இப்ப அவன்ற மகன் பாத்துக்கறான். நானும் அவனும் ஒரே வருசம் ரைபிள் கிளப்புல சேந்தவங்க. என்ற மகளுக்கு அப்பத்தான் காது குத்துனோம். இன்னிக்கு அவ புள்ளைக்குக் காது குத்தியாச்சு. அத்தன வருசங்க. அந்த ஆசீர்வாதம் நாளைக்குக் காத்தால அவன்ற துப்பாக்கியக் கொண்டு போயி துப்பாக்கிக் கடையில ஒப்படைக்கறானாம். லைசென்சு வேண்டாம்னு எழுதிக் குடுக்கறானாம். இனிமேல் சுடறதே இல்லையாம். ஒரு வார்த்தைக்குங்க. ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்கு. எனக்கு அப்படியே வெறுத்துப் போச்சு. தடுக்கப் போறனான்னு பாக்காதீங்க. நான் எதுக்குத் தடுக்கோணும்? சும்மா போயிட்டிருக்கறேன்.

எங்க கிளப்பு ஒண்ணும் பெரிய கிளப்பு இல்லீங்க. கல்லு ஒடைச்சு முடிச்சுட்டு உட்டுட்டுப் போன பழைய குழி. முன்னாடி ஒரு தகரக் கொட்டாய். அங்க படுத்துட்டு அம்பது மீட்டர் தள்ளி இருக்கற அட்டையச் சுடோணும். பாயிண்ட் டூ டூ ரைபிளுங்க. தோட்டா சுண்டுவெரல் நகம் பருமன்கூட இருக்காது. அடியில விளிம்பத் தட்டுனா வெடிக்கற ரகம். சத்தம் கூட பட்டாசுல பாதிதான். அதுல யானையெல்லாம் சுட முடியாதுங்க, எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அட்டை. அட்டையில கருப்பா ஒரு வட்டம். அவ்வளவுதான் எங்க வேட்டை.

வருசா வருசம் மாசியில ஜோடிப் போட்டி வெப்பாங்க. ரெண்டு பேரு, ஒரே அட்டை. நான் ஒண்ணு, அவன் ஒண்ணுன்னு மாத்தி மாத்திச் சுடோணும். கடைசியில அட்டைய எடுத்தா எந்த ஓட்டை யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் கேக்கக் கூடாது. அது எங்க கிளப்புல பழக்கம். நடுவுல போனது ரெண்டு பேரோடது, வெளிய போனதும் ரெண்டு பேரோடது. எனக்கு ஜோடி அன்னையில இருந்து ஆசீர்வாதம்தான். ரெண்டு தடவ கோப்பை வாங்கியிருக்கறோம். ஒரு கோப்பை அவனூட்டுல, ஒண்ணு எங்கூட்டுல. எங்கூட்டுதுல என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா ஊதுபத்திச் சாம்பல் கொட்டிட்டிருக்கறா. அதச் சொல்லி என்ன ஆகப் போகுது.

இப்ப ரெண்டு வருசமா எனக்குக் கண்ணு தகராறு பண்ணுச்சுங்க. துப்பாக்கி நுனியில ஒரு முள்ளு இருக்கும், இக்கட்ட, நம்ம கண்ணுப் பக்கம், ஒரு பள்ளம் இருக்கும். முள்ளையும் பள்ளத்தையும் அட்டையையும் ஒண்ணாச் சேத்துப் பாக்கோணும். முள்ளப் பாத்தா அட்டை மங்குது. அட்டையப் பாத்தா முள்ளு மங்குது. டாக்டரம்மா வயசுதான்னு சொல்லிச்சு. வயசுன்னு சொல்றதுக்கு எதுக்குங்க படிப்பு? ஆசீர்வாதம்தான் சொன்னான், "வெள்ளிங்கிரி, நம்ம வயசுக்காரங்க ஸ்கோப்பு போட்டுச் சுடலாம்னு கிளப்புல விதி இருக்குது. ஒண்ணு வாங்கி மாட்டிக்க. வெல கம்மியிலயே நல்லது கெடைக்கும்"னு. அங்க புடிச்சதுங்க சனி.

ரெண்டு பேரும் கோயமுத்தூருக்குப் போனோம். கடைக்காரன் நாலஞ்சு டப்பாவ எடுத்து வெச்சான். சரி, பாத்து எடுக்கலாம்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க வர்றவங்க எல்லாரும் மாடியில நின்னு பாத்துத்தான் வாங்குவாங்களாம். ஆசீர்வாதம் இத்தனூண்டு கொழாய் ஒண்ணக் கையில எடுத்துட்டு, "இது போதும்டா. நாலு மடங்கு பெருசாக் காட்டும். நம்ம மாதிரி சின்னத் தோட்டாவுக்குன்னே, கிட்டத்துல சுடறதுக்குன்னே செஞ்சது. காசும் கம்மி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடை போர்டு இருக்குது பாரு, அதப் பாரு. நம்ம அட்டை அவ்வளவு தூரந்தான்"ங்கறான். மருந்துக்கடை போர்டப் பாக்கவாங்க நான் தென்னந்தோப்புல இருந்து பஸ் ஏறி வந்தேன்?

இன்னொரு டப்பாவுல பெருசா ஒண்ணு இருந்துச்சு. இருவத்திநாலு மடங்கு. முன்கண்ணாடி டம்ளர் வாய் அகலம். ஒரு குமிழத் திருகுனா உள்ள செவப்பு வெளக்கு எரியுது, இன்னொருக்காத் திருகுனா பச்சை. வெல அந்தச் சின்னதவிட கொஞ்சந்தான் கூட. அத எடுத்து மேக்கால திருப்பிப் பாத்தனுங்க. மருதமலை. கோபுரம் அப்படியே வந்து மூக்கு மேல நின்னுது. கலசம் தெரியுது. கலசத்துக்கு மேல உக்காந்திருந்த காக்கா தெரியுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஸ்கோப்பக் கக்கத்துல இடுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். அத்தன தூரத்துல இருக்கற முருகனே தெரியறான், அம்பது மீட்டர்ல இருக்கற அட்டை தெரியாதாங்க? நீங்களே சொல்லுங்க. யாரா இருந்தாலும் அதத்தான வாங்குவாங்க?

ஆசீர்வாதம் அப்பவும் அழுத்தமா நிக்கறான். "மலை மேலயாடா அட்டை கட்டப் போறோம்? இது தூரத்துக்குச் செஞ்சது. கிட்டத்துல சரிவராது"ங்கறான். அவன் கல்யாண வீட்டுல போட்டோ புடிச்சவன், கண்ணாடியப் பத்தி அவனுக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனப்பு. கடைக்காரன் சிரிச்சுட்டே துணியில சுத்திக் குடுத்தான். இந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க, அதப் பாத்தா இன்னிக்கும் எனக்குக் கொமட்டிட்டு வருது.

கிளப்புல கொண்டு போயி மாட்டிப் படுத்தனுங்க. அட்டை இருக்குது, ஆனா தண்ணிக்குள்ள கெடக்கற மாதிரி இருக்குது. கூட்டல் குறி மாதிரி ரெண்டு கோடு இருக்குமுங்களா உள்ள, அது நடுவுல நிக்கோணும். நான் தலைய இத்தனூண்டு நகத்துனா அது வட்டத்த உட்டு வெளிய ஓடுது. துப்பாக்கி அசையல, அட்டை அசையல, கோடு மட்டும் ஓடுது. அதுவும் பத்தாதுன்னு, நெஞ்சு அடிக்கறது அதுல தெரியுதுங்க. லப்பு டப்புன்னு அட்டை ஆடுது. என்ற நெஞ்சு இத்தன வேகமா அடிக்குதான்னு பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஆசீர்வாதம் பக்கத்துல உக்காந்து, "தலைய ஒரே எடத்துல வெச்சுக்கடா, கிட்டத்துல இந்த ரகம் அப்படித்தான் காட்டும்"ங்கறான். ஒரே எடத்துல தலைய வெக்க நான் என்ன செலையா? சொன்னேனே கேட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல அவன். கேட்டிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். கேக்காம இருக்கறது இருக்குது பாருங்க, அதுதான் பெரிய திமிரு.

கண்டக்டர், சுந்தராபுரம் ஒண்ணு. சில்லறை இல்லீங்க, நீங்களே வெச்சு எறங்கறப்பக் குடுங்க.

எங்க உட்டேன்? ஆங். கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டு மாத்துனேன். இந்தத் தடவ நடுத்தரமா ஒண்ணு. மூணுல இருந்து ஒம்பது மடங்கு வரைக்கும் போகும். ஆசீர்வாதம் தனியாப் போயி முன்னாடியே பாத்து வெச்சிருந்தான், அம்பது மீட்டருக்கு ஒத்து வருமான்னு. நான் கேக்கவே இல்ல, அவனா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. மொதல் மாசம் சுட்டதுல ஒரு அட்டைய மயிலாத்தாகிட்டக் காட்டுனேன். காசு போட்டு மூடற அளவு எடத்துல அத்தன ஓட்டை. அவ அதப் பாத்துட்டு, "இதுக்கா காத்தால காப்பி கூடக் குடிக்காமப் போனீங்க"ன்னா. அவகிட்டப் போயிக் காட்டுனேன் பாருங்க.

ரெண்டாம் மாசம் மங்க ஆரம்பிச்சுது. எப்படி மங்கும்னுதான் எனக்கு ஆறல. நான் பாத்துக்கிட்ட மாதிரி ஒருத்தன் ஒரு பொருளப் பாத்துக்குவானுங்களா? காத்தால குளிச்சு, சாமி கும்புட்டு, நெத்திக்குப் பூசறப்பவே ரெண்டு விரல்ல கொஞ்சம் திருநீறு எடுத்து முன்கண்ணாடிக்கு, கொஞ்சம் பின்கண்ணாடிக்கு. பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு நல்லா அழுத்தித் தேய்ப்பேன். கீச்சுகீச்சுன்னு சத்தம் வரோணும். சத்தம் வந்தாத்தான் அழுக்குப் போச்சுன்னு அர்த்தம். எங்கப்பா அரிக்கேன் லைட்டு சிம்னிய அப்படித்தான் தொடைப்பாரு. பித்தாளக் குத்துவெளக்கு, சாமி படத்துக் கண்ணாடி, எல்லாம் எங்கூட்டுல திருநீத்துலதான் வெளக்குறது, பளபளன்னு இருக்கும். நேத்து வந்த கண்ணாடி தொடைக்கற துணியும் ஸ்ப்ரேயும் வேணுமா? சுத்தம்னா திருநீறுங்க. மயிலாத்தாவோட மூக்குக் கண்ணாடியக் கூட நாந்தான் தொடைச்சுக் குடுப்பேன். இப்பெல்லாம் அவ அத என்ற கைக்குச் சிக்காம தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்கறா. ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. பொம்பளைங்க சமாச்சாரம்.

அத்தன தேச்சும் மங்குது. மங்க மங்க இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேச்சேன். மழக்காலம், தண்ணி உள்ள எறங்கியிருக்கும், மட்டமான சரக்குன்னு எடுத்துட்டுக் கடைக்குப் போனேன். அந்தச் சிரிப்புக்காரன் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, "என்னங்க போட்டுத் தேச்சீங்க, கோடு கோடா இருக்குது"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க. நான் தேச்சனாம். பொருள வித்தவன் அவன், கெட்டுப் போனதுக்குக் காரணம் நானாம். மொகத்துல காறித் துப்பாத கொறையா வந்துட்டேன். இந்தக் காலத்துல யாவாரம்ங்கறதே அப்படித்தான் சார். கெட்டதக் குடுப்பான், கேட்டா நம்ம மேலயே திருப்புவான். நெனச்சாலே அருவருப்பா இருக்குது.

கேளுங்க, இப்பத்தான் சமாச்சாரம். மார்கழி கடைசி. ஜோடிப் போட்டி நெருங்குது. எனக்குக் கண்ணும் இல்ல, ஸ்கோப்பும் இல்ல. இன்னொண்ணு வாங்கற எண்ணமே எனக்கு உட்டுப் போச்சு. ஆசீர்வாதம் என்ன பண்ணுனான்னா, அவன்ற துப்பாக்கியில மாட்டியிருந்த ஸ்கோப்ப, ஆமாங்க, அவன் கடை மாடியில பாத்து எடுத்தானே அந்தச் சின்னது, அதேமாதிரி ஒண்ண அவன் முன்னாடியே வாங்கி மாட்டிட்டுத்தான் இருந்தான், அதக் கழட்டி என்ற துப்பாக்கியில மாட்டி உட்டான். அவனே திருகெல்லாம் முறுக்கி, அவனே படுத்துச் சுட்டுப் பாத்து, கோட்ட நடுவுக்குக் கொண்டாந்து குடுத்தான். "நான் பழையபடி முள்ளு வெச்சே சுட்டுக்கறேன், எனக்குத் தெரியுது"ங்கறான். பாத்தீங்களா பீத்தல? ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. எனக்குத் தெரியல, அவனுக்குத் தெரியுதாம். எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. ஆனா வாங்கிக்கிட்டேன். ஓசியில வர்றத வேண்டாம்னா சொல்லுவாங்க?

இதுதானுங்க அது. இந்த டப்பாவுக்குள்ள இருக்கறது. இருங்க, காட்டறேன். சித்தெ இருங்க, தொடைச்சுட்டுக் குடுக்கறேன். சட்டப் பையில எப்பவும் ஒரு பொட்டணம் திருநீறு வெச்சிருப்பேன், பழனியில வாங்குனது. இந்தாங்க, இப்பப் பாருங்க. சன்னலுக்கு வெளிய அந்தத் தண்ணி டேங்கப் பாருங்க. மங்கலா இருக்குதுங்களா? பாலுக்குள்ள உட்ட மாதிரி இருக்குதுல்ல? இப்பப் புரியுதுங்களா நான் ஏன் வயித்தெரிச்சல்ல பேசறேன்னு? இதக் குடுத்துட்டுத்தான் அவன் பெரிய தியாகி மாதிரி நடந்துக்கிட்டான்.

தை முடியறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம ஒத்திகை வெச்சோம். ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சுட்டோம். அட்டைய எடுத்துட்டு வந்தா, அசிங்கம். பாதி ஓட்டை வட்டத்துக்குள்ளயே இல்ல. ஒண்ணு அட்டை மூலையில இருக்குது. கொட்டாயில எல்லாரும் இருந்தாங்க. செகரட்டரி சொக்கலிங்கம் அட்டையத் தூக்கிப் புடிச்சுட்டு, "என்னப்பா, ரெண்டு பேரும் அரிசி சலிக்கப் போறீங்களா"ன்னு சிரிச்சான். எனக்குப் பொறுக்கல. கேட்டுட்டேன். "ஆசீர்வாதம், மூலையில இருக்கறது யாரோடது?"ன்னு.

சொக்கலிங்கம் அட்டையக் கீழ எறக்குனான். கேக்கக் கூடாதுன்னு பழக்கம்னு சொன்னேனே, பழக்கந்தான், சட்டமா? கேட்டா என்ன தப்புங்க? உண்மை தெரிய வேண்டாமா? ஆசீர்வாதம் அட்டைய ஒருதடவ பாத்தான், என்னைய ஒருதடவ பாத்தான். "வெளிய போனது பூராம் என்றதுன்னு வெச்சுக்க"ன்னான். பாருங்க, அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். அப்பறமும் நான் உட்டிருக்கலாம். ஆனா எனக்குத் தெரியும், அதுல பாதி என்றதுன்னு. எனக்கு அட்டையே தெரியல, எப்படி உள்ள போகும்? அப்ப யாரு காரணம்? ஸ்கோப்புத்தான. "நீ குடுத்த ஓட்டை ஸ்கோப்ப வெச்சுட்டு நான் என்னத்தச் சுடறது? நல்லத நீ வெச்சுக்கிட்டு, கழிச்சுக் கட்டுனத என்ற தலையில கட்டிட்ட"ன்னேன்.

அவன் என்ற துப்பாக்கிய வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் போயி, ஸ்கோப்பச் சாச்சு சாச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பறம் மெதுவாக் கேட்டான், "இத எதுலடா தொடைக்கற?"

"திருநீத்துல."

"அதான்டா. அது சாம்பல், நறநறன்னு இருக்கும். கண்ணாடி மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்குது, அத இது சொரண்டி எடுத்துரும். மொதல்ல கெட்டதும் இதுனாலதான் இருக்கும். பரவால்ல, உடு. இனிமேல் தேய்க்காத"ன்னான்.

இத எங்க வெச்சுச் சொல்றான்னு பாருங்க. அத்தன பேரு முன்னாடி. நெத்தி நெறையப் பூசிட்டு நிக்கற என்னையப் பாத்து, திருநீறு கெடுத்துருச்சுன்னு சொல்றான். எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. சொன்னேன். "உங்க ஆளுங்களுக்குத் திருநீறுன்னா ஆகாதுன்னு சொல்லீட்டுப் போயேண்டா. அதுக்கு எதுக்குப் பூச்சு கீச்சுன்னு கத உடற?"

அவ்வளவுதானுங்க நான் சொன்னது. கெட்ட வார்த்தை சொன்னனா? கை நீட்டுனனா? அவன் என்ற துப்பாக்கிய மேசை மேல வெச்சான். அவன்ற துப்பாக்கிய எடுத்து உறையில போட்டான். யாரையும் பாக்கல. அவனுக்குன்னு ஊத்தி வெச்ச டீ அப்படியே இருந்துச்சு. மோட்டார் சைக்கிள் எடுத்துட்டுப் போனான், போனவன் போனவந்தான். ஒருத்தராச்சும் அவனப் புடிச்சு நிறுத்தோணுமே. எல்லாரும் என்னையப் பாத்துட்டு நின்னாங்க. சொக்கலிங்கம், சிரிச்சானே அவன், அட்டையக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு என்ற கூடப் பேசாமப் போயிட்டான். அத்தன வருசப் பழக்கம், ஒருத்தன் என்ற பக்கம் பேசல. மனுசங்க மேலயே எனக்கு ஒரு வெறுப்பு வந்துருச்சு சார்.

அவனுக்குத் திருநீறு ஆகாதான்னா கேக்கறீங்க? இல்லீங்க, அவன் அப்படிப்பட்டவன் இல்ல. அது எனக்குத் தெரியாதுங்களா? நீங்க கேக்கறதுக்காகச் சொல்றேன். எங்கம்மா செத்தப்ப, பாடைய எடுக்கறதுக்கு முன்னாடி, அம்மா நெத்தியில திருநீறு பூசோணும்னாங்க. நான் எடுக்க எடுக்கத் தட்டுல இருக்கற திருநீறெல்லாம் கீழ கொட்டுது. ஆசீர்வாதம் பின்னாடி இருந்து வந்து என்ற கையப் புடிச்சு, ரெண்டு பேரு கையும் சேந்துதான் பூசுனோம். அவன்ற விரல் மூணும் எங்கம்மா நெத்தியில பட்டுது. அவன்ற மாமன் ஒருத்தர் அப்ப மொறச்சுப் பாத்தாரு, இவன் கண்டுக்கல. பழனிக்குக் கூட என்ற கூட ரெண்டு தடவ படியேறியிருக்கறான். வெளிய உக்காந்து செருப்புக்குக் காவல் இருந்தான். ஆனா அது வேற, இது வேற. இது ஸ்கோப்பு சமாச்சாரம்.

இந்தா, ஈச்சனாரி. புள்ளையாரப்பா. கும்பிட்டுக்கங்க.

ஜோடிப் போட்டிக்கு வேற ஆளக் கேட்டனுங்க. ஒருத்தன் வாரேங்கல. ஒருத்தன் மகளுக்குச் சீருன்னான், ஒருத்தன் முதுகு புடிச்சுக்கிச்சுன்னான். என்ற கூடப் படுத்து ஒரு அட்டையச் சுட ஒருத்தனுக்கும் மனசு வரல. நாளைக்கு ஒருவேள மூலையில ஓட்டை உழுந்தா யாருதுன்னு கேப்பானேன்னு பயமாம். சொக்கலிங்கந்தான் வெக்கமில்லாம என்ற மொகத்துக்கு நேராச் சொன்னான்.

நேத்து சாயங்காலம் ஆசீர்வாதத்தோட சம்சாரம் ரெபேக்கா போன் பண்ணுச்சு. நல்ல பொம்பளைங்க. எங்கூட்டு நோம்பிக்கெல்லாம் வந்து மயிலாத்தாவோட ஒட்டுக்கா அடுப்புல நிக்கும். "அண்ணா, அவரு நாளன்னைக்குத் துப்பாக்கியக் கடையில ஒப்படைக்கப் போறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பாட்டிருவாரு"ன்னுச்சு. நான் என்ன சொல்லோணும் அம்மிணி, நான் என்ன தப்பு பண்ணுனேன்னு கேட்டேன். அதுக்கு அது, "அண்ணா, அவருக்கும் முள்ளு தெரியலீங்கண்ணா. உங்களுக்கு முன்னாடியே தெரியல. ஸ்கோப்ப உங்களுக்குக் குடுத்துட்டு, குத்துமதிப்பாத்தான் சுட்டுட்டிருந்தாரு. இன்னொண்ணு வாங்கிக்கங்கன்னேன். 'வாங்குனா அவன் சங்கடப்படுவான், போட்டி முடியட்டும்'னாரு"ன்னு சொல்லுச்சு.

கேட்டீங்களா கூத்த? கண்ணு தெரியாதவன் எதுக்குங்க கண்ணாடியக் கழட்டி அடுத்தவனுக்குக் குடுக்கறான்? நான் கேட்டனா? காலப் புடிச்சனா? தெரியுதுன்னு பொய் வேற. அந்த மூலையில இருந்த ஓட்டை அவன்றதாவே இருந்திருக்கும், பாருங்க. என்றதாவும் இருந்திருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி சோத்த அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். மயிலாத்தா கேட்டா. ஸ்கோப்புக் கெட்டுப் போச்சுன்னு சொன்னேன்.

போயி என்ன சொல்லுவேன்னா கேக்கறீங்க? மன்னிப்பா? எதுக்கு? நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வாசல்ல நிப்பேன். ரெபேக்கா வாங்கண்ணான்னு கூப்புடும். இத அவன் கையில நீட்டுவேன். "மங்கலா இருக்குதுடா, என்னன்னு பாரு"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். அவன் வாங்கி வெளிச்சத்துல சாச்சுப் பாத்தான்னா, ஆயிப் போச்சு. மிச்சத்த அவன் பேசிக்குவான். எப்பவும் அவந்தான பேசுவான். அவன் வாங்கலேன்னா, கைய நீட்டாம அப்படியே நின்னான்னா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சொல்லுங்க. நீங்களா இருந்தா வாங்குவீங்களா?

வாங்க மாட்டீங்களா. ம்.

சுந்தராபுரந்தான். தெரியுதுங்க. கண்டக்டர் கூப்புட்டது எனக்கும் கேட்டுச்சு. அதா, அந்த மஞ்சக் கட்டடத்துக்கு அடுத்த சந்து. மாடியில அவந்தான் நிக்கறான் போல. இல்ல, துணி காயுது. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

நீங்க முட்டிய மடக்காதீங்க, நான் எந்திரிக்கல. எல்லாரும் எறங்கட்டும். கூட்டமா இருக்குது. போலாம் ரைட்டுன்னு கண்டக்டர் விசில் ஊதிட்டானா? சரி, ஊதட்டும். பரவால்லீங்க. உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, ஒரு காப்பி குடிச்சுட்டு, அங்க இருந்து திரும்பற பஸ்சுல வந்துக்கறேன். இன்னிக்குப் பூரா அவன் ஊட்டுலதான் இருப்பான். நாளைக்குத்தான போறான்.

கண்டக்டர், எனக்கு உக்கடத்துக்கு மாத்திக் குடுங்க.